பில்லில் பன்னிரண்டு, சீட்டில் பதினொன்று: ஸ்தாஜ் கற்றுத்தருவது எதை?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பிள்ளை கொலேஜின், அதாவது நடுநிலைப் பள்ளியின், கடைசி வகுப்பான த்ருவாஸியேமுக்கு வந்துவிட்டால் வீட்டில் ஒரு தேடல் தொடங்கிவிடும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சித்தி, மெரி என்ற நகராட்சி அலுவலகத்தில் இருக்கும் மாமா, காராஜ் நடத்தும் பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் போன் போகும். கேள்வி ஒன்றுதான்: ஒரு வாரத்துக்கு ஸ்தாஜ், அதாவது வேலையிடப் பயிற்சி, கிடைக்குமா? அப்போது பிள்ளைக்கு வயது பதினான்கு இருக்கும். ஐந்து நாள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு சிறு அறிக்கை எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ஸ்தாஜ் என்றாலே இதுதான் என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொள்வது இங்கிருந்துதான் வருகிறது.

பாக் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிறகும், தொழில்முறை பாக் படிக்கும்போதும் வரும் ஸ்தாஜ் வேறு வகை. அதில் வேடிக்கை பார்க்க இடமில்லை. மாணவர் செய்து முடிக்கும் வேலையை அடுத்த நாற்காலியில் இருப்பவர் வாங்கித் தன் வேலையைத் தொடர்வார். வகுப்பில் கணக்குத் தப்பினால் மாணவருக்குத்தான் மதிப்பெண் குறையும். இங்கே தப்பினால் யாரோ ஒரு சப்ளையருக்குப் பணம் கூடப் போகும், யாரோ ஒரு வாடிக்கையாளர் வாசலில் காத்து நிற்பார். வேலையிடப் பழக்கங்கள் என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த இடத்தில்தான் உருவாகின்றன.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்தாஜ் என்பது படிப்பின் ஒரு பகுதி. வேலை ஒப்பந்தம் அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கும் அப்ரான்திஸாஜையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்தாஜுக்குக் கொன்வான்ஸியோன் என்ற ஒப்பந்தத்தாள் கட்டாயம். மாணவர், கல்வி நிலையம், நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் அதில் கையெழுத்திட வேண்டும். கூடவே நிறுவனத்தில் வழிகாட்டும் தியுத்தரும் கல்லூரியில் பொறுப்பேற்கும் ஆசிரியரும் கையெழுத்துப் போடுவார்கள். மாணவருக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். "முதலில் திங்கட்கிழமை வந்துவிடு, தாள் பிறகு பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் போகக் கூடாது. கையெழுத்தில்லாமல் போன நாளில் கையை வெட்டிக்கொண்டால், விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்ற இழுபறி அன்றே தொடங்கிவிடும்.

எத்தனை வாரம் என்பது படிப்பைப் பொறுத்தது. தொழில்முறை பாக் படிப்பவருக்கு மூன்றாண்டில் மொத்தம் பொதுவாக 18 முதல் 22 வாரம். ஐ.யு.டி. என்ற பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிலையத்தில் மூன்றாண்டு பட்டம் படிப்பவருக்கு 22 முதல் 26 வாரம். பி.டி.எஸ். என்ற இரண்டாண்டுத் தொழில் பட்டயத்தில், கணக்கியல் பிரிவுக்கு 10 வாரம். ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஸ்தாஜ் செய்ய முடியாது.

பணம் பற்றித்தான் வீடுகளில் அதிகம் கேட்கிறார்கள். ஒரே கல்வியாண்டில் ஒரே நிறுவனத்தில் 308 மணி நேரத்தைத் தாண்டினால், அதாவது நாளைக்கு ஏழு மணி நேரம் என்று 44 நாளைத் தாண்டினால், கிராதிஃபிகாஸியோன் என்ற உதவித்தொகை கட்டாயம். குறைந்தபட்சம் 2024இலும் 2025இலும் மணிக்கு 4.35 யூரோ. இருபத்திரண்டு வேலைநாள் கொண்ட மாதத்தில் 154 மணி நேரம், அந்த விகிதத்தில் 669.90 யூரோ. 309ஆவது மணியிலிருந்துதான் கணக்கு என்று சிலர் தவறாகச் சொல்வார்கள். ஸ்தாஜின் மொத்தக் காலம் 308 மணியைத் தாண்டுவதாக இருந்தால் முதல் நாளின் முதல் மணியிலிருந்தே தர வேண்டும். அதைவிடக் குறுகிய ஸ்தாஜுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் நிறுவனத்தின் விருப்பம். லிசே என்ற மேல்நிலைப் பள்ளிகளில் தொழில்முறைப் பிரிவு மாணவர்களுக்கு 2023 முதல் அரசே வாரத்துக்குப் படிப்பின் முதல் ஆண்டில் 50, இரண்டாம் ஆண்டில் 75, மூன்றாம் ஆண்டில் 100 யூரோ எனத் தருகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். வேலையிடத் திறன் என்றதும் நன்றாகப் பேசுவது, தன்னம்பிக்கை, குழுவாக உழைப்பது என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு காலை வேளையை எடுத்துப் பார்ப்போம்.

சேன்-பியேரில் ஒரு மொத்த வியாபார நிறுவனம். கணக்கியல் பி.டி.எஸ். மாணவி ஒருத்திக்கு அன்றைய வேலை, சப்ளையர் அனுப்பிய பில்களை டெலிவரி சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பதிவது. ஒரு பில்லில் 12 பெட்டி, பெட்டிக்கு 20 யூரோ, வரிக்கு முன் 240 யூரோ. பாடப்புத்தகம் பெருநிலப் பிரான்ஸில் அச்சானது. அதில் எல்லாக் கணக்கும் 20 சதவீத டே.வே.ஆ. என்ற மதிப்புக்கூட்டு வரியோடு வரும். ரீயூனியனில் பொது விகிதம் 8.5 சதவீதம். ஆக 240க்கு வரி 20.40, மொத்தம் 260.40. கை பழகியபடி 20 சதவீதத்தைப் போட்டால் 288 என்று வந்து நிற்கும். முதல் வாரத்தில் நம் ஊர் மாணவர்கள் செய்யும் தவறுகளில் இது ரொம்பச் சாதாரணம். மென்பொருளில் சரியான விகிதம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தால் தப்பித்தோம்; எக்செலில் கையால் செய்கிற இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

வரியைச் சரியாகப் போட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து டெலிவரி சீட்டை எடுக்கிறாள். கிடங்குக்காரர் பேனாவால் 12ஐ அடித்துவிட்டு 11 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பில்லோ 12க்கு வந்திருக்கிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் மூன்று விதமாக நடந்துகொள்வார்கள். கவனிக்காமல் பதிந்துவிடுவது ஒன்று. கவனித்துவிட்டுத் தானே 11 என்று திருத்தி, 238.70 என்று பதிவது இன்னொன்று. கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்வது இந்த இரண்டாவதுதான்; விளைவில் இதுவே மோசமானது. சப்ளையர் கணக்கில் 260.40 இருக்கும், நம் கணக்கில் 238.70 இருக்கும். மாதக் கடைசியில் 21.70 யூரோ எங்கே போனது என்று ஒருவர் உட்கார்ந்து அரை நாள் தேடுவார். பில்லை நாமாகத் திருத்தக் கூடாது, சப்ளையரிடமிருந்து ஆவுவார் என்ற கழிவுச்சீட்டு வாங்க வேண்டும் என்பது அந்த மாணவிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாததில் தவறில்லை. சொல்லாமல் செய்ததுதான் தவறு.

மூன்றாவது வகை, பில்லையும் சீட்டையும் ஒன்றாகக் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு தியுத்தரிடம் போவது. அங்கே போய் என்ன சொல்வது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. "மதாம், இதில் ஏதோ பிரச்சினை" என்று நின்றால் தியுத்தர் தன் வேலையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். "பில்லில் 12, சீட்டில் 11. கிடங்கில் கேட்டேன், ஒரு பெட்டி வரவே இல்லை என்கிறார். பில்லைப் பதியாமல் தனியே வைத்திருக்கிறேன். சப்ளையருக்குக் கழிவுச்சீட்டு கேட்டு மெயில் எழுதட்டுமா?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். என்ன கண்டேன், அதுவரை என்ன சரிபார்த்தேன், இப்போது பொருள் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய நினைக்கிறேன் என்ற நான்கும் அந்தக் கேள்வியில் இருக்கின்றன. ஒரு ஸ்தாஜில் இந்த ஒரு பழக்கம் மட்டும் படிந்தாலே போதும் என்பது எங்கள் கருத்து. இது கணக்கு அலுவலகத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. மருத்துவமனையிலும் ஹோட்டல் சமையலறையிலும் மின்வேலைத் தளத்திலும் சொல்லும் முறை இதுவே.

தன் தவறைச் சொல்வதற்கும் இதே முறைதான். மணி பத்துக்குத் தெரிந்த தவறைப் பத்தேகாலுக்குள் சொன்னால் பெரும்பாலும் ஒரு பட்டனை அழுத்திச் சரிசெய்துவிடலாம். மாலை ஐந்துக்குச் சொன்னால் அதற்குள் அந்தத் தாள் மூன்று மேசைகளைக் கடந்திருக்கும். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். தியுத்தர் முதல் நாளே "தப்பானால் உடனே வந்து சொல், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவைத்த இடங்களில் மறைப்பது வெகுவாகக் குறையும். அவராகச் சொல்லவில்லை என்றால் மாணவரே கேட்டுவிடலாம்: எனக்குச் சந்தேகம் வந்தால் உடனே வந்து கேட்கட்டுமா, சேர்த்துவைத்து ஒரு நேரத்தில் கேட்கட்டுமா? சிலருக்கு இடையில் குறுக்கிட்டால் பிடிக்காது. அவர்களிடம் காலை பதினொன்றுக்கு ஒரு முறை, மாலை நான்குக்கு ஒரு முறை என்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பணமோ பாதுகாப்போ சம்பந்தப்பட்டதை மட்டும் காத்திருக்க விடக் கூடாது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல், தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு நிற்பது நம் வளர்ப்பில் மரியாதை. பிரெஞ்சு அலுவலகத்தில் காலையில் உள்ளே வந்ததும் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "போன்ழூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே தன் நாற்காலிக்குப் போகும் பிள்ளையைக் கூச்ச சுபாவி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, திமிர் பிடித்தது என்பார்கள். மதிப்பீட்டுத் தாளில் பழகும் முறை என்ற கட்டத்தில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லால்தான். அதே நபரை மதியம் மறுபடி பார்த்தால் இன்னொரு முழு வணக்கம் தேவையில்லை, ஒரு புன்னகை போதும்.

வூ, து விஷயம் தமிழருக்குப் புரியவைக்கத் தேவையில்லை. நீங்கள், நீ தானே. ஆனால் இரண்டு மொழியிலும் அளவுகோல் ஒன்றில்லை. நமக்கு வயது பேசும். அலுவலகத்தில் ஐம்பது வயதுக்காரரே "என்னைத் து என்றே கூப்பிடு" என்பார். அப்படிச் சொன்ன பிறகும் வூ போட்டுக்கொண்டே இருந்தால், அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டது போலாகிவிடும். சொல்லும்வரை வூ, சொன்ன பிறகு து, வாடிக்கையாளரிடம் எப்போதும் வூ என்று வைத்துக்கொண்டால் தவறாது. தீவின் பேச்சுமொழியான கிரெயோலும் இப்படித்தான். காபி நேரத்தில் எல்லோரும் கிரெயோலில் சிரித்துப் பேசிவிட்டு மேசைக்குத் திரும்பியதும் பிரெஞ்சில் மெயில் எழுதுவார்கள். கவுண்டரில் வயதான அம்மா ஒருவர் கிரெயோலில் கேட்டால் கிரெயோலில் பதில் சொல்வதுதான் மரியாதை. அவருக்கு அனுப்பும் கடிதம் பிரெஞ்சில்தான் போகும். எந்த நேரத்தில் எந்த மொழி என்று பார்த்துப் பிடித்துக்கொள்வதும் ஒரு திறன். எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை.

நேரம் பற்றி இரண்டு விஷயங்கள். தீவின் சாலை எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். மேற்கிலிருந்து தலைநகர் சேன்-தெனிக்குக் காலையில் வருகிறவர் "த்ராஃபிக்" என்று முதல் வாரத்தில் ஒரு முறை சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால் முன்பே கிளம்பியிருக்கலாமே என்றுதான் கேட்பார்கள். ஸ்தாஜ் தொடங்கும் முன் ஒரு வேலைநாளில், அதே நேரத்தில், அதே கார்ழோன் என்ற ஊர்களுக்கிடை பஸ்ஸில் ஒரு தடவை போய்வந்து பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதால் பயனில்லை.

இரண்டாவது, பாரிஸ் கடிகாரம். தலைமையகம் அங்கே இருக்கும் நிறுவனத்தில் சேர்ந்தால், அங்கே குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் நாம் முன்னால் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. காலை எட்டுக்கு நாம் அனுப்பும் கேள்வியை, அங்கே ஒன்பதுக்கு அலுவலகம் திறக்கும் என்றால், குளிர்காலத்தில் நம் பன்னிரண்டுக்கு முன் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பதிலுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில், அந்த நான்கு மணி நேரத்துக்கு வேறு வேலையை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். "மதியத்துக்குள் வேண்டும்" என்று அங்கிருந்து சொன்னால் எந்த ஊர் மதியம் என்று கேட்டுவிடுவதில் வெட்கமில்லை.

விடுப்புக் கேட்பதும் கற்க வேண்டியதுதான். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருக்கும் பிள்ளை, காவடி எடுக்கும் நாளுக்கு முந்தின மாலையில் வந்து "நாளைக்கு வர மாட்டேன்" என்றால், தியுத்தர் சரி என்பார். ஆனால் மனதில் குறித்துக்கொள்வார். தேதி பல மாதம் முன்பே தெரிந்ததுதானே. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ஸ்தாஜ் என்றால் விடுப்புக்கு வழி செய்யும் விதி கொன்வான்ஸியோனிலேயே இருக்க வேண்டும். எனவே கையெழுத்துப் போடும்போதே தேதியைச் சொல்லி எழுதிவாங்கிவிடலாம். குறுகிய ஸ்தாஜானால் குறைந்தது மூன்று வாரம் முன்பு மெயிலில் கேட்டு, அன்றைய வேலையை எப்போது ஈடுசெய்வேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தீவில் இந்துப் பண்டிகைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கேட்டால் மறுப்பவர் குறைவு. கடைசி நிமிடத்தில் அறிவிப்பதுதான் எரிச்சலைத் தரும்.

புயல் காலத்தில் இன்னொரு குழப்பம் வரும். ஆரஞ்சு எச்சரிக்கையில் பள்ளிகள் மூடும், ஆனால் நிறுவனங்கள் இயங்கும். "எங்கள் லிசே மூடிவிட்டது, அதனால் வரவில்லை" என்று ஸ்தாஜ் மாணவர் தானாக முடிவெடுத்துவிடக் கூடாது. எச்சரிக்கை மாறியவுடன் தியுத்தருக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். அவருடைய கைபேசி எண்ணை முதல் நாளே வாங்கிவைப்பது இதற்காகத்தான். சிவப்புக்கு மாறினால் பேச்சே இல்லை, எல்லோரும் வீட்டோடுதான்.

பத்து வாரமும் ஜெராக்ஸ் எடுத்தே கழிந்துவிட்டது என்ற புலம்பல் எல்லா ஆண்டும் கேட்கிறது. நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தவறு பெரும்பாலும் கொன்வான்ஸியோனில் வேலைகளை எழுதும் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே "பல்வேறு அலுவலகப் பணிகள்" என்று எழுதினால் பல்வேறு அலுவலகப் பணிகள்தான் கிடைக்கும். "சப்ளையர் பில்களைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பதிதல், வாரம் ஒரு முறை வங்கிக் கணக்கோடு சரிபார்த்தல், நிலுவை நினைவூட்டல் மெயில் தயாரித்தல்" என்று எழுதினால் கேட்க ஒரு பிடி இருக்கும். கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: முதல் வாரம் யார் பக்கத்தில் உட்காருவேன்? என் வேலையை யார் சரிபார்ப்பார்? தியுத்தர் விடுமுறையில் போனால் யாரிடம் போவது? கடைசிக் கேள்வி இங்கே முக்கியம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும். அந்தச் சமயத்தில் வந்து சேரும் மாணவருக்கு வேலை கொடுக்க ஆள் இருக்காது.

ஒரு தியுத்தர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது என்பது விதி. விடுமுறையில் போனவரின் இடத்தை நிரப்ப ஸ்தாஜ் மாணவரைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் விதி. காசாளர் வரவில்லை என்று மாணவரைத் தனியாகக் காசுப்பெட்டியில் உட்காரவைத்துவிட்டுப் போனால், அதைத் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று வீட்டில் பெருமைப்படுவார்கள். கல்லூரி ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயம் அது.

சொந்தக்காரர் கடையில் ஸ்தாஜ் செய்யலாமா? சட்டப்படி தடையில்லை, பலருக்கு வேறு வழியும் இருப்பதில்லை. மாமா கடையில் சேரும் பிள்ளையிடம் யாரும் "இது சரியில்லை, திரும்பச் செய்" என்று சொல்வதில்லை என்பதுதான் தொல்லை. மாமாவிடமே கேட்டு, தியுத்தராக அவரைப் போடாமல் கடையில் பழைய ஊழியர் ஒருவரைப் போடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

திரும்பச் செய் என்ற சொல்லைக் கேட்க வாரம் ஒரு முறை இருபது நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நல்ல நேரம். "எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டால் "பரவாயில்லை, நன்றாகச் செய்கிறாய்" என்பதோடு முடிந்துவிடும். "இந்த வாரம் நான் செய்ததில் நீங்கள் மறுபடி திருத்த வேண்டி வந்தது எது?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். அதற்கு உதவ ஒரு நோட்டு வேண்டும். தினமும் கிளம்பும் முன் ஐந்து நிமிடம், மூன்று வரி: இன்று செய்தது, மாட்டிக்கொண்டது, யாரிடம் எப்படித் தீர்ந்தது. கடைசியில் எழுதவேண்டிய ஸ்தாஜ் அறிக்கையின் பாதி அதிலேயே இருக்கும். நோட்டு இல்லாதவர்கள் கடைசி வாரத்தில் நிறுவனத்தின் வலைத்தளத்தைப் பார்த்து அதன் வரலாற்றை நான்கு பக்கம் எழுதுவார்கள். நடுவர் குழு முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும். அறிக்கையில் பில், சம்பளப் பட்டியல் போன்றவற்றை இணைப்பதானால் தியுத்தரிடம் அனுமதி வாங்கி, பெயர்களையும் தொகைகளையும் கறுப்படித்த பிறகே இணைக்க வேண்டும்.

கடைசி மூன்று நாட்களில் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். முடியாமல் நிற்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது. அந்த ஒரு பெட்டியின் கழிவுச்சீட்டு இன்னும் வரவில்லை என்றால் அதுவும் இந்தத் தாளில் ஏற வேண்டும். சாவி, அடையாள அட்டை, கடவுச்சொல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தெஸ்தாஸியோன் என்ற சான்றைக் கையில் வாங்குங்கள். அதைத் தருவது நிறுவனத்தின் கடமை. எத்தனை நாள் இருந்தீர்கள், உதவித்தொகை எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். தபாலில் அனுப்புகிறோம் என்றால், மதாம் இன்றே கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். செ.வே. என்ற தன்விவரத் தாளில் எழுதும்போது "குழுவாகப் பணிபுரியும் திறன்" என்பதை எடுத்துவிட்டு, "சப்ளையர் பில்களைச் சீட்டோடு சரிபார்த்து, வேறுபாடுகளுக்குக் கழிவுச்சீட்டு கேட்டு வாங்கினேன்" என்று எழுதுங்கள். நேர்காணலில் அடுத்த கேள்வி அந்த வரியிலிருந்துதான் வரும். பதினொன்றாவது பெட்டிக்கும் பன்னிரண்டாவது பெட்டிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அப்போது சொல்லலாம்.